ரேடான்: எச்சரிக்கைச் சீட்டோடு நின்றுபோகும் சட்டங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு வாங்குவோருக்காகத் தாங்கள் வெளியிட்ட இணைப்பிதழில், மண்ணிலிருந்து வீட்டுக்குள் புகுந்து நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் கதிரியக்க வாயுவான ரேடான் பற்றிய கட்டுரை படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத ஆபத்தை எடுத்துச் சொன்னது நல்ல காரியம். ஆனால் ‘பல நாடுகளில் ரேடான் சோதனை சட்டப்படி கட்டாயம், வரம்பைத் தாண்டிய வீட்டை விற்க முடியாது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் ஏமாந்துபோவார். கட்டடங்களில் ரேடானை அளப்பதும் குறைப்பதும் எங்கள் தொழில். சட்டம் உண்மையில் எதைச் செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சொந்த வீட்டில் தானே குடியிருப்பவரைப் பார்த்து ‘அளந்தே தீர வேண்டும்’ என்று சொல்லும் சட்டம் அபூர்வம். சட்டம் நுழைவது விற்பனையில், வாடகையில், பணியிடத்திலும் பள்ளியிலும், புதுக் கட்டடத்தில், பிறகு அளப்பவருக்கும் சரிசெய்பவருக்கும் தரும் உரிமத்தில். ஒவ்வொரு நாடும் இவற்றில் ஒன்றிரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளலாம். 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ், கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை உள்ளே நுழையும்போதே அலற வைத்தார். அணு உலை அப்போது இயங்கவே தொடங்கவில்லை. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து உடையோடு வந்திருந்தது. அங்கே காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடான். அந்தப் பரபரப்புக்குப் பிறகு 1988இல் வந்த கூட்டரசுச் சட்டம், வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைப் போல ரேடான் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று தேசிய இலக்கு வைத்தது. மாநிலங்களுக்கு நிதியும் கொடுத்தது. எந்த வீட்டுக்காரர் மீதும் கடமை எதையும் சுமத்தவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் 4 பிகோகியூரி என்பதும் நடவடிக்கைக்கான பரிந்துரைதான். அதற்கு மேல் போனால் அபராதம் என்று அந்தக் கூட்டரசுச் சட்டம் சொல்லவில்லை.

மிச்சம் மாநிலங்களின் கையில். இல்லினாயில் 2008 முதல் வீடு விற்பவர் ரேடான் துண்டறிக்கையைக் கொடுக்க வேண்டும், தனக்குத் தெரிந்த அளவீட்டு முடிவுகளையும் சொல்ல வேண்டும். அளக்கவே இல்லையென்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஃபுளோரிடாவில் விற்பனைக்கும் வாடகைக்குமான தாள்களில் ரேடான் பற்றிய ஒரு பத்தி அச்சாகியிருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தை யாராவது அளந்தார்களா என்று அந்தப் பத்தி கேட்பதில்லை. இப்படிப்பட்ட சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. அளந்து பார்த்தவருக்குத்தான் சொல்ல வேண்டிய கடமை வருகிறது. அளக்காதவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. விற்கப் போகும் நேரத்தில் அளக்காமல் இருப்பதே ஆதாயம் என்று ஆகிவிடுகிறது.

எண்களிலும் குழப்பம் நிறைய. லிட்டருக்கு 1 பிகோகியூரி என்பது கனமீட்டருக்கு 37 பெக்கரல். பெக்கரலும் கதிரியக்க அலகுதான். ஆகவே அமெரிக்காவின் 4 என்பது 148 பெக்கரல். இனிக் காற்றைப் பற்றிப் பெக்கரல் என்று சொல்வதெல்லாம் கனமீட்டருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலைப் பரிந்துரைத்தது. அதை எட்ட முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை, உறுப்பு நாடுகள் வைத்துக்கொள்ளும் குறிப்பு மட்டம் (தாண்டினால் குறைக்கப் பார்க்க வேண்டிய அளவு) ஆண்டுச் சராசரியில் 300ஐ மீறக் கூடாது என்கிறது. பிரிட்டனில் வீடுகளுக்கு நடவடிக்கை மட்டம் 200, இலக்கு 100. கனடாவில் 200. நார்வேயில் 100ஐத் தாண்டினால் குறைக்க முயல வேண்டும், 200 உச்சம்.

இந்த எண்கள் எதுவும் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே கிழித்த கோடு அல்ல. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து 2005இல் வெளியான கணக்கின்படி, நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 விழுக்காடு ஏறுகிறது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க மட்டம் எதுவும் அதில் தென்படவில்லை. புகைபிடிப்பவருக்கு அடிப்படை ஆபத்தே பெரிது என்பதால் அந்த 16 விழுக்காடும் பெரிதாகிறது. 310 பெக்கரல் வீட்டைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, 290 பெக்கரல் வீட்டுக்கு ‘தேர்ச்சி’ என்று சான்றிதழ் கொடுப்பது எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. சட்டத்தின் வாசகமும் சில சமயம் அந்தத் தவறுக்கு இடம் கொடுக்கிறது.

இனி அளவீட்டுக்கு வருவோம். பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. ரேடான் மண்ணிலிருந்து வருகிறது. வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி மாடிச் சந்துகள் வழியே வெளியேற, கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் ஓரிரு பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைகிறது. அந்தச் சிறு குறைவே தரை விரிசல் வழியாக மண்வாயுவை உள்ளே இழுக்கப் போதும். வெளியே குளிர் கூடினால் இழுப்பு கூடும். காற்றும் மழையும் வளிமண்டல அழுத்தமும் மாறினால் அளவும் மாறும். ஒரே வீட்டில் இன்றைய எண்ணும் அடுத்த வாரத்து எண்ணும் இருமடங்கு வேறுபட்டால் அது கருவியின் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுச் சராசரியை அறிய வேண்டுமென்றால் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ரேடானின் ஆல்ஃபா துகள்கள் தடம் பதிக்கும் பிளாஸ்டிக் துண்டை வைத்து அளப்பதே சரி. வீட்டு விற்பனையோ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. சட்டத்துக்கும் அறிவியலுக்கும் முதல் மோதல் இது.

அமெரிக்கா இதற்குக் கண்ட வழி, குறைந்தது 48 மணி நேரக் குறுகிய அளவீடு. அது செல்லுபடியாக வேண்டுமானால் நிபந்தனைகள் உண்டு. தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களும் வெளிக்கதவுகளும் மூடியிருக்க வேண்டும். சாதாரணமாகப் போய்வரத் திறக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக் காற்றை மொத்தமாக வெளியே தள்ளும் பெரிய ஃபேன் ஓடக் கூடாது. உள்காற்றையே சுழற்றும் ஏசி ஓடலாம். வெளிக்காற்றை இழுக்கும் ஏசி கூடாது. கருவியைக் குடியிருக்கத் தகுந்த ஆகக் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து 50 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து 30 செ.மீ., ஜன்னலிலிருந்து 90 செ.மீ. தள்ளி, பிற பொருள்களிலிருந்து 10 செ.மீ. விலக்கி வைக்க வேண்டும். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் அறை, அலமாரி கூடாது. இந்த நிபந்தனைகள் சட்டத்தில் நேரடியாக இல்லாமல் அளவீட்டு நெறிமுறைகளில்தான் இருக்கின்றன. நெறிமுறையைச் சட்டம் பெயர் சொல்லி உள்ளே சேர்த்துக்கொண்டால் கட்டுப்படுத்தும். இல்லாவிட்டால் வெறும் ஆலோசனை.

குறுகிய அளவீட்டுக்கு, அறையில் திறந்து வைத்துப் பிறகு மூடி ஆய்வகத்துக்கு அனுப்பும் கரிப்பொட்டலம் மலிவு, அதனால் அதிகம் புழங்குகிறது. அதன் பலவீனம் தெரிந்திருக்க வேண்டும். செயலூட்டிய கரி ரேடானை உறிஞ்சுகிறது, திருப்பியும் விடுகிறது. ஆகவே முடிவு கடைசி நாள்களின் பக்கம் சாயும். ஈரம் மிகுந்த இடத்தில் கரியின் கொள்ளளவு குறையும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். மூடிய பொட்டலத்தை மேஜையில் மறந்துவிட்டு, ஆய்வகத்துக்குப் போய்ச்சேர எட்டு நாள் ஆனால், பிடித்ததில் கால்பங்குக்கும் குறைவே மிஞ்சும். ஆய்வகம் தேதியையும் நேரத்தையும் வைத்துக் கணக்கைத் திருத்தும் என்பது உண்மை. ஆனால் மூடிய நேரத்தைத் தவறாக எழுதியிருந்தால் திருத்தமும் தவறு; எண்ணுவதற்கு மிச்சம் குறையக் குறைய முடிவின் நிச்சயமும் குறையும்.

மணிக்கொரு முறை பதியும் மின்னணுக் கருவியின் வரைபடம் வேறொரு கதை சொல்லும். இயல்பான வீட்டில் இரவில் மெல்ல ஏறி விடியற்காலையில் உச்சம் தொட்டு, பகலில் மெல்ல இறங்கும். இரவெல்லாம் 250, 270 என்று நின்ற அளவு காலை ஏழு மணிக்கு ஒரே மணி நேரத்தில் 60க்குச் சரிந்து, மாலை வரை அங்கேயே கிடந்து, பிறகு ஐந்தாறு மணி நேரம் எடுத்துப் பழைய இடத்துக்கு ஏறினால், யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதே மணியில் வெப்பநிலைக் கோடும் ஈரப்பதக் கோடும் உடைந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. 48 மணி நேரச் சராசரி என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. வீடு நல்ல வீடாகிவிடும். விற்பனைக்காக அளக்கும்போது மணிவாரிப் பதிவு முழுவதையும் அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று சட்டம் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் பாதித் தகராறு தீரும். சாதாரணப் பொட்டலங்களால் அளந்தால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முடிவையும் தர வேண்டும். ஒன்று 90, இன்னொன்று 210 என்று வந்தால் சராசரி எடுக்கக் கூடாது, மறுபடியும் அளக்க வேண்டும்.

இங்கிலாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது. சொத்து விற்பனையின்போது உள்ளாட்சியிடம் கேட்கும் வழக்கமான கேள்விப் பட்டியலில், இடம் ரேடான் பாதிப்புப் பகுதியில் வருகிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. நூற்றில் ஒரு வீடாவது 200 பெக்கரலைத் தாண்ட வாய்ப்புள்ள இடம் பாதிப்புப் பகுதி. அங்கே மூன்று மாத அளவீடு முடியும்வரை விற்பனையை நிறுத்தி வைப்பதில்லை. விலையில் ஒரு தொகையை வழக்கறிஞரிடம் ரேடான் பிணைத்தொகையாக ஒதுக்கி வைக்கிறார்கள். வாங்கியவர் குடிவந்து, வரவேற்பறையில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாகக் கருவி வைத்து அளக்கிறார். அளவு கூடினால் அந்தத் தொகையிலிருந்து சரிசெய்து கொள்வார். குறைந்தால் தொகை விற்றவருக்கே போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்து ஏமாற்ற வேண்டிய தேவையே விற்பவருக்கு எழுவதில்லை, ஏனென்றால் அப்போது அவர் அந்த வீட்டில் இல்லை. இது கட்டாயச் சட்டம் அல்ல. இருவரும் ஒப்புக்கொண்டால் உண்டு. பிணைத்தொகை வைக்கும்போது கருவி வைக்க வேண்டிய கடைசித் தேதி, முடிவு வர வேண்டிய தேதி, எந்த அளவைத் தாண்டினால் தொகை யாருக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தேதியை விட்டுவிட்டால் பணம் ஆண்டுக்கணக்கில் தொங்கும்.

அளந்தாயிற்று, கூடுதல் என்று தெரிந்தாயிற்று. இனிக் குறைப்பது. பல சட்டங்கள் ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வாசகத்தோடு நின்றுவிடுகின்றன. விரிசல்களை சீலன்ட் வைத்துப் பூசியதும் தக்க நடவடிக்கை என்று காட்டிவிடலாம். பூச்சு மட்டும் பெரும்பாலும் பலன் தராது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் எப்போதும் மிச்சமிருக்கும், வருடங்கள் போகப் போகப் புதிதாகவும் திறக்கும். காற்றோட்டத்தைக் கூட்டலாம். ஆனால் அளவைப் பாதியாக்க காற்று மாற்றத்தை இருமடங்காக்க வேண்டும், கால்பங்காக்க நான்கு மடங்கு. 600 பெக்கரல் வீட்டில் அது நடக்கிற காரியமா? காற்றை வெளியே மட்டும் தள்ளும் ஃபேனைப் போட்டால் வீட்டின் அழுத்தம் மேலும் குறைந்து ரேடான் கூடவும் கூடும்.

நிலைத்த பலன் தருவது கான்கிரீட் தரைக்கு அடியிலிருந்தே வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் முறை. தரையில் குழாய் நுழையும் அளவு ஓட்டை போட்டு, அதன் வழியே 20 முதல் 40 லிட்டர் வரை மண்ணையும் ஜல்லியையும் அள்ளி ஒரு குழி செய்கிறார்கள். 75 அல்லது 100 மி.மீ. பிவிசி குழாயை இறக்கி, தொடர்ந்து ஓடும் ஒரு ஃபேனை இணைத்துக் கூரைக்கு மேலே வெளியேற்றுகிறார்கள். ஃபேனை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். குழியில் தற்காலிகமாக உறிஞ்சலை ஏற்படுத்தி, அறையின் எதிர் மூலைகளில் 8 மி.மீ. அளவில் சிறு துளையிட்டுப் புகையைக் காட்டிப் பார்க்க வேண்டும். புகை துளைக்குள் இறங்கினால் உறிஞ்சல் அங்குவரை எட்டியிருக்கிறது. மேலே எழும்பினால் எட்டவில்லை. நுண்ணழுத்தமானியில் ஒன்றிரண்டு பாஸ்கல் குறைவு தெரிந்தாலே போதும், கடுங்குளிர் நாளுக்கும் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஜல்லிப் படுகை இருந்தால் காற்று அதிகம் வரும். அழுத்தம் குறைந்த, ஓட்டம் மிகுந்த ஃபேன் வேண்டும். களிமண்ணில் காற்றே வராது. அதிக உறிஞ்சல் தரும் ஃபேன் வேண்டும், சில சமயம் இரண்டாவது குழியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரே மாதிரி ஃபேனை எல்லா வீட்டிலும் மாட்டிவிட்டுப் போவதுதான் நாங்கள் பார்க்கிற தோல்விகளில் பெரும்பங்கு.

அடுத்து வருவது சம்ப் குழி, அதாவது கீழ்த்தளத் தரையில் கசிவு நீர் சேர விடும் குழி. மூடாத சம்ப்புக்குப் பக்கத்தில் உறிஞ்சினால் ஃபேன் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். மண்ணை உறிஞ்சாது, மின்சாரமும் அறைச் சூடும் வீண். காற்றுப் புகாத, திறந்து பழுதுபார்க்கக்கூடிய மூடி போட வேண்டும். சுவரும் தரையும் சேரும் இடைவெளியைப் பாலியூரித்தேன் சீலன்டால் அடைக்க வேண்டும். ஃபேனைக் குடியிருக்கும் பகுதியில் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க நெறிமுறை. ஃபேனுக்கு மேலே உள்ள குழாயில் வாயு தள்ளப்படும் அழுத்தத்தில் இருக்கும். ஓர் இணைப்பு கசிந்தாலும் செறிவான ரேடான் வீட்டுக்குள்ளேயே கொட்டும். பரண் அல்லது வெளிச்சுவர்தான் இடம். வெளியேறும் வாய் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலும், ஜன்னல்களிலிருந்து 3 மீட்டருக்கு அப்பாலும் இருக்க வேண்டும். கனடாவின் கடுங்குளிரில் கூரைக்கு மேலே போகும் குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே ஃபேனை உள்ளே வைத்துப் பக்கச் சுவர் வழியே வெளியேற்றவும் இடம் கொடுக்கிறார்கள்; அதற்குக் கசிவில்லாத ஃபேன் உடலும் இணைப்பும் வேண்டும். ஒரு நாட்டின் விதியை அப்படியே பெயர்த்தெடுத்து இன்னொரு நாட்டில் வைக்க முடியாது என்பதற்கு இது போதும்.

குழாயைப் படுக்கையாகக் கொண்டுபோகும் இடத்தில் மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு மண்ணை நோக்கி இருக்க வேண்டும். மண்வாயுவில் ஈரம் உண்டு. குழாயில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கி ஓட்டம் நின்றுவிடும், ஃபேன் மட்டும் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதைவிட ஆபத்தானது வேறொன்று. வீட்டில் புகைபோக்கியோடு கூடிய கேஸ் ஹீட்டரோ சூடாக்கியோ இருந்தால், ரேடான் ஃபேன் அறைக் காற்றை அளவுக்கு மீறி இழுத்துப் புகையைத் திருப்பி உள்ளே கொண்டுவரக்கூடும். ரேடானைக் குறைக்கப் போய்க் கார்பன் மோனாக்சைடை வரவழைத்த கதையாகும். வேலை முடிந்ததும் எல்லா ஃபேன்களையும் ஓடவிட்டுப் புகைபோக்கியில் இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அளவு இறங்கியதா? ஃபேன் ஓடத் தொடங்கி 24 மணி நேரத்துக்குப் பிறகு, 30 நாளுக்குள் மீண்டும் அளக்க வேண்டும். பொருத்தியவர் அல்லாத ஒருவர் அளக்க வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டை விரிவாக்கினாலும், ஜன்னல்களை மாற்றிக் காற்றுக் கசிவை அடைத்தாலும், புதுச் சூடாக்கி போட்டாலும் மறுபடி. மின்சாரம் மிச்சப்படுத்த வீட்டை இறுக்கமாக அடைக்க மானியம் தரும் அரசுகள், அடைத்த பின் ரேடானை அளக்கச் சொல்லாதது எங்களுக்குப் புரியாத புதிர்.

ஃபேன் நின்றுபோனதை வீட்டுக்காரருக்குச் சொல்ல, குழாயில் பொருத்தும் ‘யூ’ வடிவக் கண்ணாடிக்குழாய் போதும். உள்ளே நிறமேற்றிய திரவம். ஃபேன் ஓடும்போது ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் உறிஞ்சலே இல்லை. முதல் நாளில் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துத் தேதி போட்டு வைக்க வேண்டும். அந்தப் பேனாக் குறிக்கும் இப்போதைய மட்டத்துக்கும் வேறுபாடு பெரிதானால் குழாயில் நீரோ தரையில் புது விரிசலோ என்று தேட வேண்டும். மின் இணைப்புப் பெட்டியில் அந்தச் சுவிட்சுக்கு ‘ரேடான், அணைக்காதீர்கள்’ என்று ஒட்டாமல் விட்டதால், வீட்டில் வண்ணம் பூச வந்தவர் அணைத்துவிட்டு யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஃபேன்கள் உண்டு. பொருத்தியதற்கான சான்றைக் கேட்கும் சட்டம், ஓடுகிறதா என்று கேட்பதே இல்லை.

புதுக் கட்டடத்தில் வேலை மிக எளிது, செலவும் சொற்பம். அடித்தளம் போடும்போதே 10 செ.மீ. சுத்தமான ஜல்லி, அதன் மேல் 0.15 மி.மீ. கனத்துக்குக் குறையாத பாலிதீன் விரிப்பு, ஓரங்கள் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்க வேண்டும். பிறகு ஜல்லியிலிருந்து கூரை வரை ஒரு குழாய், பரணில் ஃபேன் பொருத்த மின் இணைப்பு. அயர்லாந்தில் 1998 ஜூலை முதல் எல்லாப் புது வீட்டிலும் தேவைப்பட்டால் இயக்கிக்கொள்ளும் உறிஞ்சுகுழி வேண்டும். அதிக ரேடான் பகுதியில் தடுப்பு விரிப்பும் சேர்த்து வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2009 முதல் இது கட்டாயம். நார்வேயின் கட்டட விதி விரிப்போடு, 100 பெக்கரல் தாண்டினால் இயக்கக்கூடிய ஏற்பாட்டையும் கேட்கிறது. மூன்றிலும் நல்ல நோக்கம். தவறு நடப்பது வேலைத்தளத்தில். கான்கிரீட் ஊற்றும்போது குழாயின் அடிவாய் மூடாமல் விட்டதால் சிமென்ட் கலவை உள்ளே போய் அடைத்துவிடுகிறது. விரிப்பின் மீது கம்பியைப் போட்டு இழுப்பதில் கிழிகிறது. கிழிசலை ஒட்டாமலே கான்கிரீட் மேலே ஏறிவிடுகிறது. குழாய் பரணோடு நின்று, கூரையைத் தாண்டாமல் போகிறது. பெயர்ச் சீட்டு இல்லாததால் பின்னால் வந்த பிளம்பர் கழிவுநீர்க் காற்றுக்குழாய் என்று நினைத்து அதில் இணைத்துவிடுகிறார். கான்கிரீட்டுக்கு முன்னால் ஒரு முறை பார்வையிட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்ற விதி இருந்தால் இவற்றில் முக்கால்வாசி அங்கேயே பிடிபடும். ஃபேன் இல்லாத வெறும் குழாயால் அளவு ஓரளவுதான் குறையும். குடியேறிய பின் அளந்து, கூடுதலானால் ஃபேனைப் பொருத்தினால்தான் வேலை முடிகிறது. குழாய் இருக்கிறதே என்று அளக்காமல் விடுவது, குழாயே இல்லாத வீட்டைவிட மோசமான நிம்மதி.

வாடகைக்கு வருவோம். அளக்கிறவர் ஒருவர், மூச்சு விடுகிறவர் வேறொருவர். நார்வே 2014 தொடக்கம் முதல் வாடகை வீடுகளுக்கு 100, 200 என்ற இரண்டு மட்டங்களையும் சட்டமாக்கி, அளந்து காட்டும் பொறுப்பை உரிமையாளர் தலையில் வைத்தது. எங்கள் பார்வையில் இன்றுள்ள சட்டங்களில் இது முன்னணியில் நிற்கிறது. இங்கிலாந்தில் 2004 வீட்டுவசதிச் சட்டத்தின் ஆபத்து மதிப்பீட்டில் கதிர்வீச்சும் ஒரு வகை. ரேடான் அதற்குள் அடங்கும், உள்ளாட்சி நடவடிக்கை எடுக்க முடியும். அடுக்குமாடிகளில் ‘தரைத்தளத்தில் ஒரு வீட்டை அளந்தோம், சரியாக இருக்கிறது’ என்பது செல்லாது. அமெரிக்க நெறிமுறை, மண்ணைத் தொடும் எல்லா வீடுகளையும், மேலே ஒவ்வொரு தளத்திலும் பத்தில் ஒரு பங்கையும் அளக்கச் சொல்கிறது. மின்தூக்கிக் குழியும் குழாய்ச் சந்துகளும் வாயுவை மேலே ஏற்றிவிடும். சில இடங்களில் கட்டடப் பொருளே காரணம்: ஸ்வீடனில் 1929 முதல் 1975 வரை படிகாரக் களிப்பாறையிலிருந்து செய்த நீலநிற இலகு கான்கிரீட்டில் ரேடியம் இருக்கிறது, அங்கே தரைக்கு அடியில் உறிஞ்சிப் பயனில்லை, காற்றோட்டம்தான் வழி.

பணியிடச் சட்டங்கள் இவ்வளவு பலவீனமானவை அல்ல. பிரிட்டனில் 2017 விதிகளின்படி ஆண்டுச் சராசரி 300 பெக்கரலைத் தாண்டினால் முதலாளிக்குப் பொறுப்பு வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 50 மணி நேரத்துக்கு மேல் ஆள் புழங்கும் நிலத்தடித் தளம் எந்தப் பகுதியில் இருந்தாலும் அளக்க வேண்டும். ஜெர்மனியில் அரசு குறித்த முன்னெச்சரிக்கைப் பகுதிகளில் தரைத்தளமும் நிலத்தடித் தளமும் 12 மாதம் அளக்கப்பட வேண்டும். பின்லாந்தில் செப்டம்பருக்கும் மே முடிவுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மாதம். கோடையில் அளந்து தப்பிக்க வழியில்லாதபடி பருவத்தைச் சட்டத்திலேயே எழுதியது புத்திசாலித்தனம்.

உரிமம் பற்றி. பென்சில்வேனியா 1987 முதல் ரேடான் அளப்பவருக்கும் சரிசெய்பவருக்கும் சான்றிதழ் கேட்கிறது. சொந்த வீட்டைத் தானே அளக்கிறவருக்கு அது தேவையில்லை. சான்றிதழ் உள்ளவரிடம் கேட்க வேண்டியது மூன்று: கருவி கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது, பத்தில் ஓர் இடத்திலாவது இரட்டைக் கருவி வைக்கிறாரா, திறக்காத வெற்றுப் பொட்டலத்தை இருபதுக்கு ஒன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்புகிறாரா. பதிலில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அளந்து கூடுதல் என்று சொன்னவரே சரிசெய்யும் வேலையையும் எடுத்து, வேலை முடிந்ததென்று தானே அளந்து சான்று தருவதைச் சட்டம் தடுக்க வேண்டும். இதில் எங்கள் தொழிலில் உள்ள சிலருக்கே எங்கள் மேல் வருத்தம் வரும், வரட்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றியும் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. லிட்டருக்கு 10,000 பிகோகியூரி உள்ள நீரைப் புழங்கினால் வீட்டுக் காற்றில் சுமார் 1 பிகோகியூரி கூடும். ஆகவே முதலில் காற்றை அளக்க வேண்டும். காற்றில் கூடுதலாக இருந்து, கிணறும் சொந்தக் கிணறாக இருந்தால் நீரையும் அளக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீருக்கு லிட்டருக்கு 100 பெக்கரல் என்ற மட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் முன்மொழிந்த குடிநீர் விதி இறுதி வடிவம் பெறவே இல்லை. சரிசெய்ய இரண்டு வழி: நீருக்குள் காற்றை ஊதி ரேடானை வெளியேற்றுவது, கரி வடிகட்டி வைப்பது. கரியில் ரேடானின் சிதைவுப் பொருள்கள் சேர்ந்து அதுவே காமா கதிர் வீசும் பொருளாக மாறுவதால், அளவு மிகுந்த நீருக்குக் கரி வேண்டாம். சிறு அளவுக்கு வைத்தாலும் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் வைக்காதீர்கள். பழைய கரியை எங்கே கொடுப்பது என்று வாங்கும்போதே விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டட ரேடான் அளவீடு, குறைப்புப் பணியில் உள்ளோர்